எல்லாமே கதையாடல்தான் என்போருக்கு

‘அதுவும் ஒரு கதையாடல்தானே’ என்னும் வாக்கியம் நம் இலக்கியச் சூழலில் எந்த விவாதத்தையும் தொடங்கி வைத்து நாங்கள் பார்த்ததில்லை. முடித்து வைக்கவே அது பயன்படுகிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததைப் பற்றி ஒரு மீனவர் சொன்னதை யாரேனும் எழுதிவிட்டால் போதும், இந்த வாக்கியம் வந்து நிற்கும். ஆலை நிர்வாகத்தின் அறிக்கை ஒரு கதையாடல், மீனவரின் பேச்சு இன்னொரு கதையாடல், அரசின் செய்திக்குறிப்பு மூன்றாவது கதையாடல். பிரதிக்கு வெளியே எதுவுமில்லை. தீர்ப்புச் சொல்ல நாம் யார்? கேட்பதற்கு மிகுந்த அடக்கத்துடன் ஒலிக்கும் இந்தக் கேள்விக்குள் பதுங்கியிருக்கும் சோம்பலைப் பற்றியும், ஒரு நல்ல சொல்லுக்கு அது இழைத்திருக்கும் அநீதியைப் பற்றியும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் சொல். கதையாடல் என்பது பிரெஞ்சு மொழியின் ‘ரெசி’ என்ற சொல்லுக்கு நாம் வைத்துக்கொண்ட பெயர். நேரடியாக வைத்துக்கொண்டதன்று. காம்யுவின் ‘அந்நியன்’ 1980இல் வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது. கோட்பாட்டுக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. பிரெஞ்சு புழங்கிய புதுச்சேரி கூப்பிடு தூரத்தில் இருக்க, ழெரார் ழெனெத்தும் லியோதாரும் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே நம்மை வந்தடைந்தார்கள். ஆங்கிலம் ‘ரெசி’யை ‘நெரேட்டிவ்’ ஆக்கிற்று. நாம் அதைச் ‘சொல்லாடல்’ என்பதன் சாயலில் ‘கதையாடல்’ ஆக்கினோம். இரண்டு கைமாறியதில் சொல்லின் பாதி உயிர் வழியிலேயே போயிற்று.

போனது எந்தப் பாதி என்பதைப் பார்க்கலாம். ‘ரெசி’யின் வேர் ‘ரெசித்தே’ என்ற வினை. அதற்கு முந்தைய வேர் லத்தீனின் ‘ரெசிதாரே’. சபையில் ஒன்றை உரக்க வாசித்தல், நினைவிலிருந்து திரும்பச் சொல்லுதல் என்பது அதன் பொருள். அதற்குள் இருக்கும் ‘சிதாரே’ என்ற வினைக்கு அழைத்தல் என்று பொருள். மன்றத்துக்கு அழைப்பதும் அதில் அடங்கும். ஆக ‘ரெசி’ என்ற சொல்லின் அடியில் ஒரு குரல் இருக்கிறது, அதைக் கேட்கும் சபை இருக்கிறது, அங்கே வந்து நின்று சொல் என்ற அழைப்பு இருக்கிறது. தானாக ஆடிக்கொண்டிருக்கும் கதை எதுவும் அங்கே இல்லை.

பிரெஞ்சு எழுத்தாளர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆந்த்ரே ழீத் தம்முடைய சிறிய புனைவுகள் பலவற்றை ‘ரெசி’ என்றே வகைப்படுத்தி, நாவல் என்ற பெயரை 1925இல் வெளிவந்த ஒரே ஒரு நூலுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். 1956இல் வெளியான காம்யுவின் ‘வீழ்ச்சி’யும் நாவல் என்ற பெயரோடு வரவில்லை, ‘ரெசி’ என்றே வந்தது. ஆம்ஸ்டர்டாமின் மதுக்கடை ஒன்றில் ஒருவன் எதிரிலிருப்பவனைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசுகிறான். நூல் முழுவதும் அந்த ஒரு பேச்சுத்தான். கேட்பவனை எடுத்துவிட்டால் அந்த நூலே இல்லை.

ழெனெத் 1972இல் செய்த காரியமும் இதையொட்டியதே. ‘ரெசி’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள்கள் குழம்பிக் கிடப்பதை எடுத்துக்காட்டி, மூன்றையும் பிரித்து வைத்தார். நடந்த சம்பவங்களின் தொடர் ஒன்று, அதற்கு ‘இஸ்த்வார்’. அதைத் தாங்கும் பிரதி ஒன்று, அதற்கு ‘ரெசி’. ஒருவர் வாய்திறந்து சொல்லும் செயல் ஒன்று, அதற்கு ‘நரசியோன்’. மூன்றையும் தனித்தனியே பார்த்தால்தான் எந்த எடுத்துரைப்பையும் ஆராய முடியும் என்பது அவருடைய வாதம். நாமோ மூன்றையும் திரும்ப ஒரே பானையில் கொட்டிக் கதையாடல் என்று மூடி போட்டுவிட்டோம். மூடி போட்டதில் முதலில் மூச்சுமுட்டிப் போனது மூன்றாவது: சொல்லும் செயல்.

இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. தமிழில் ‘கதை’ என்ற சொல் அப்பாவியானதன்று. கதை விடுகிறான், கதை அளக்கிறான், உன் கதையெல்லாம் இங்கே வேண்டாம் என்று பேச்சு வழக்கில் அது பொய்யின் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறது. ஈழத்தில் கதைத்தல் என்றால் பேசுதல், அவ்வளவே. அங்கே அதற்கு இந்தக் கறை இல்லை. இந்தக் கரையில் நாம் கதையோடு ‘ஆடலை’யும் சேர்த்து, நாசமாகிப்போன வலையைக் காட்டிப் பேசுகிற ஒரு மனிதரின் சொல்லுக்குப் பெயராக வைக்கிறோம். கோட்பாடு படிக்காத எவருடைய காதிலும் அது ‘புளுகு விளையாட்டு’ என்றே விழும். படித்தவர் காதில் மட்டும் வேறாக விழுகிறதா என்ன?

*

இறக்குமதி செய்த சொல் இப்படிச் சிதையும்போது, வீட்டில் இருந்ததை ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம். தொல்காப்பியச் செய்யுளியல் அகப்பாடலுக்கு வேண்டிய உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம் ஆகியவற்றை வரிசையாக வைக்கிறது. யார் சொல்வது, யார் கேட்பது, எங்கே நின்று சொல்வது, எப்போது, எதற்காக, சொல்லாமல் விட்டது எது. இவற்றைத் தீர்மானிக்காமல் பாட்டுக்குப் பொருள் சொல்ல முடியாது என்பது நம் இலக்கணத்தின் நிலை. தலைவி கூற்றைத் தோழி கூற்றாகக் கொண்டால் பாடலே வேறாகிவிடும் என்பது உரை படிக்கும் மாணவருக்கும் தெரியும்.

இதற்கான மிகச் சிறந்த கதை திருவொற்றியூரிலேயே இருக்கிறது. சங்கிலியாரை மணக்க விரும்பும் சுந்தரர், பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது. அதைச் சந்நிதியில் செய்வதாக ஏற்பாடு. தாம் சத்தியம் செய்யும் நேரத்தில் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடியில் போய் இருக்குமாறு சிவனிடம் முன்கூட்டியே வேண்டிக்கொள்கிறார். சிவனோ, மகிழின் கீழே சத்தியம் கேள் என்று சங்கிலியார் தரப்புக்கு உணர்த்திவிடுகிறார். சுந்தரர் மாட்டிக்கொள்கிறார். பின்னர் சொல்லை மீறி ஊர் எல்லையைத் தாண்டும்போது கண்ணொளியை இழக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய இக்கதையை மகிழடி சேவையாகத் திருவொற்றியூர்க் கோயில் இன்றும் மாசித் திருவிழாவில் கொண்டாடுகிறது.

சொல்லப்படும் வாக்கியம் இரண்டு இடத்திலும் ஒன்றேதான். சந்நிதியில் சொல்லியிருந்தால் வெறும் ஒலி. மகிழடியில் சொன்னதால் அது கட்டுப்படுத்தும் சொல். வேறுபாடு வாக்கியத்தில் இல்லை. கேட்போரிலும் களனிலும், பொய்த்தால் கொடுக்க வேண்டிய விலையிலும் இருக்கிறது. இரண்டும் ‘கதையாடல்தானே’ என்று ஒரு விமர்சகர் அங்கே எழுந்து சொல்லியிருந்தால் திருவொற்றியூர் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

அந்த ஊரின் இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்றும் ஒரு பெயர் உண்டு. ஊர்களுக்கெல்லாம் வரி விதித்து அரசன் அனுப்பிய ஓலையில், வரிகளுக்கு நடுவே ‘ஒற்றியூர் நீங்கலாக’ என்று இறைவனே எழுதிச் சேர்த்ததாக ஐதிகம். அரசாணையின் நடுவே ஊருக்காக எழுதப்பட்ட ஒரு வரி. அதே கரையில், நம் காலத்தில், இதன் தலைகீழ் நடந்தது. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்க வேண்டிய நீர்ப்பரப்பாக இருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே 2017இல் வெளிவந்த மற்றொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தைக் காணவில்லை. ஆறு இருக்கிறது, மீன் இருக்கிறது, மீனவர் இருக்கிறார். வரைபடம் மட்டும் ‘எண்ணூர் நீங்கலாக’ என்று சொல்லிற்று. வரைபடமும் ஒரு ‘ரெசி’தான், மறுக்கவில்லை. அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது: அதைச் சொன்னது யார், எந்த அலுவலகத்தில் இருந்து, யாருடைய பயன் கருதி?

*

இனி எண்ணூருக்கே வருவோம். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு முதலிய சுற்றுச்சூழல் பாதிப்பு எதுவும் இல்லை என்பதாகத் துறைமுகத்தின் முதல் அறிக்கை வந்தது. அடுத்தடுத்த நாட்களில் எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் மீனவர்களும் மாணவர்களும் பணியாளர்களும் வாளியைக் கொண்டு கருங்குழம்பை அள்ளிக்கொண்டிருந்ததை நாடே பார்த்தது. இரண்டு எடுத்துரைப்புகள். ஒன்று கரைக்கு வராமல் எழுதப்பட்டது. இன்னொன்று முழங்கை வரை எண்ணெயோடு சொல்லப்பட்டது. இவற்றைச் சம எடையுள்ள இரு கதையாடல்கள் என்று தராசில் வைப்பவர், தாம் நடுநிலையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளலாம். அவர் முதல் அறிக்கையின் பக்கத்தில்தான் நிற்கிறார். ஏனெனில் அறிக்கைக்குத் தேவைப்படுவது நம்பிக்கை அன்று, சந்தேகம் மட்டுமே. எல்லாவற்றின் மீதும் சமமாகத் தூவப்பட்ட சந்தேகத்தில் கப்பல் மிதந்துவிடும், படகுதான் மூழ்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் வெளியேறி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் படர்ந்தது. அரசு கணக்கெடுத்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய். பாதிப்புக்குள்ளான வேறு 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். ஆக மொத்தம் 8.68 கோடி ரூபாய் என்று நிவாரணம் அறிவிக்கப்பட்டது. நிவாரணம் கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. எண்ணுவது அரசின் வேலை.

பிரெஞ்சில் கதை சொல்லுதலுக்கு ‘கோந்தே’ என்று ஒரு வினை உண்டு. ‘ராகோந்தே’ என்பதும் சுவையாகக் கதை சொல்பவரைக் குறிக்கும் ‘ராகோந்தேர்’ என்பதும் அதன் வழியே வந்தவை. எண்ணுதலுக்கும் அதே ஒலியுடைய வினைதான். எழுத்து மட்டும் வேறு. இரண்டும் கணக்கிடுதல் என்று பொருள்படும் ஒரே லத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. கதை சொல்வது என்பது ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வது. ஒன்றும் விட்டுப்போகாமல் கணக்கு ஒப்புவிப்பது. தமிழிலும் எண்ணுதல் கணக்கிடுவதையும் குறிக்கும், நினைத்துப் பார்ப்பதையும் குறிக்கும். காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் மக்கள் சொல்வது இந்த இரண்டாவது கணக்கு. 787 என்ற எண்ணில் படகுகள் அடங்கும். மடவை ஆற்றுக்குள் ஏறும் காலம் எது, இறால் சேற்றில் எங்கே ஒதுங்கும் என்பன போன்ற, தலைமுறைகளாகக் கைமாறிய அறிவு பயனற்றுப் போனது எந்த எண்ணிலும் அடங்காது. எண்ணூர் மீன் என்றாலே வேண்டாம் என்று வாங்குபவர் முகத்தைத் திருப்பும்போது, படகில்லாத, கூடை மட்டுமே உள்ள பெண்ணுக்கு நேர்வது எந்தப் பட்டியலில் வரும்? அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எண்ணிக்கை விட்டுவைத்த மிச்சத்தைச் சொல்லிக் கணக்கை முடிப்பதற்குப் பெயர்தான் ‘ரெசி’.

லியோதார் இதை அறியாதவர் அல்லர். 1983இல் வெளிவந்த ‘டிஃபெரான்’ என்ற நூலில் அவர் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான்: மன்றத்தின் மொழியில் நிரூபிக்க வழியில்லாத காரணத்தால், இழைக்கப்பட்ட தீங்கே இல்லாததாகிவிடும் ஒருவரின் நிலை. ஆனால் நம் சூழலில் அவர் பெயரால் புழங்குவது அந்த நூல் அன்று. 1979இல் கியூபெக் பல்கலைக்கழகங்களின் குழுவுக்காக அவர் எழுதித் தந்த அறிக்கையிலிருந்து பிய்த்தெடுத்த ஒற்றைச் சொல்: பெருங்கதையாடல். அந்த அறிக்கையின் மையக்கேள்வி, அறிவு தன்னை எதனால் நியாயப்படுத்திக்கொள்கிறது என்பது. அமேசான் காட்டின் கஷினாவா மக்கள் எப்படிக் கதை சொல்கிறார்கள் என்று விவரிக்கும் ஒரு பகுதி அதில் உண்டு. சொல்பவர் தாமும் அதை ஒருவரிடம் கேட்டவர் என்று அறிவித்துக்கொண்டு தொடங்குகிறார், தம் பெயரைச் சொல்லி முடிக்கிறார். சொல்பவர், கேட்பவர், சொல்லப்படுபவர் என்ற மூன்று இடங்களும் அதற்குள் இருக்கின்றன. கூற்று, கேட்போர், பொருள் என்று நம் இலக்கணத்தின் பெயர்களை அங்கே இட்டுக்கொண்டாலும் பழுதில்லை. பெருங்கதையாடல் என்ற சொல்லை ஓயாமல் வீசுவோர் இந்தப் பகுதியைப் படித்ததற்கான தடயம் அவர்களுடைய எழுத்தில் இல்லை.

அந்தச் சொல்லால் வடசென்னையில் அதிகம் அடிவாங்கியது தொழிற்சங்க வரலாறு. தொழிலாளர் என்று ஒருவர் எழுதினாலே பெருங்கதையாடலின் மிச்சம் என்று முத்திரை விழுகிறது. கொஞ்சம் வரலாற்றைப் பார்க்கலாம். பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் வெங்கடேச குணாமிர்தவர்ஷணி சபை என்ற பக்திச் சபையை நடத்திவந்தார்கள். சமயச் சொற்பொழிவு கேட்க பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் வருவார்கள். சொற்பொழிவைக் கேட்க வந்தவர்கள் அங்கே தங்கள் குறையைச் சொல்லத் தொடங்கினார்கள். உணவு இடைவேளை போதாமல் அரைவயிற்றோடு ஆலைக்குள் ஓட வேண்டியிருப்பதும் அவற்றில் ஒன்று. அங்கிருந்துதான் 1918 ஏப்ரல் 27இல் வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. அதன் துணைத்தலைவர்களில் ஒருவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு குறிக்கும் அமைப்பு, கதை கேட்கும் கூடத்தில், கேட்போர் சொல்வோராக மாறிய தருணத்தில் உருவானது. இதில் பெருங்கதையாடல் எங்கே இருக்கிறது? லியோதார் ‘பெத்தி ரெசி’ என்று மதித்த சிறிய கூற்றுகள் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரியவில்லை.

*

மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்களுக்குக் கதை பிடிக்கும். அளவுக்கு மீறிப் பிடிக்கும். கதைசொல்லல் பயிலரங்கம் நடத்துகிறார்கள், நிறுவனங்களுக்குக் கதை எழுதிக் கொடுக்கிறார்கள், ஒவ்வோர் ஆலையின் ஆண்டு மலரிலும் ‘எங்கள் கதை’ என்றொரு பக்கம் வைக்கிறார்கள். கிறிஸ்தியான் சால்மோன் 2007இல் பிரான்சில் வெளியிட்ட நூலுக்கு ‘ஸ்டோரிடெல்லிங்’ என்று ஆங்கிலத்திலேயே பெயர் வைத்தார். விளம்பரமும் நிர்வாகமும் அரசியலும் மனங்களை வார்க்கக் கையாளும் உத்திக்குப் பெயராக அந்த அந்நியச் சொல் பிரெஞ்சில் நிலைத்தது. தங்கள் ‘ரெசி’யை அந்தக் காரியத்துக்கு அவர்கள் அத்தனை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. நமக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. கி.ராஜநாராயணன் தம் இதழுக்கு வைத்த ‘கதைசொல்லி’ என்ற பெயர் இன்று விற்பனைப் பிரிவின் பதவிப் பெயராகவும் பயன்படுகிறது.

வடசென்னைக்கு இதனால் நேர்ந்தது என்ன? ‘மெட்ராஸ்’ (2014), ‘வடசென்னை’ (2018), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) போன்ற படங்கள் இப்பகுதியைத் திரைக்குக் கொண்டுவந்தன. அவற்றின் தகுதி தனியே பேச வேண்டியது. எங்களுக்கு அவற்றின் மீது மதிப்பு உண்டு. ஆனால் அவற்றுக்குப் பின்னால் சந்தையில் ஒரு ‘வடசென்னைக் கதை’ உருவாகிவிட்டது. அதில் கத்தி இருக்கும், கானா இருக்கும், கேரம் பலகை இருக்கும். கொசஸ்தலையாற்றில் கொட்டிய அனல்மின் நிலையச் சாம்பல் இருக்காது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இருக்கமாட்டார்கள். இவற்றை எழுதினால் ‘இது ஆவணம், இதில் கதையாடல் இல்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். நீதி கேட்டுச் சொன்னால் அது வெறும் கதையாடல். இலக்கியமாக எழுதினால் அதில் கதையாடல் போதவில்லை! ஒரே சொல் இரண்டு வாசலையும் அடைக்கிறது.

எங்களிடம் கேட்கப்படக்கூடிய கேள்வியும் தெரியும். அப்படியானால் பாதிக்கப்பட்டவர் சொல்வதெல்லாம் உண்மை என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டுமா? வேண்டாம். மீனவரும் மிகைப்படுத்தலாம், மறக்கலாம், தம் குப்பத்துக்குச் சாதகமாகப் பேசலாம். மோரிஸ் ப்லான்ஷோ 1949இல் இதழில் வெளியிட்டு 1973இல் நூலாக்கிய ‘பகலின் பித்து’ என்ற சிறு ‘ரெசி’யில், நடந்ததைக் கோவையாகச் சொல்லுமாறு மருத்துவர்கள் ஒருவனை வற்புறுத்துகிறார்கள், அவனால் அவர்கள் கேட்கும் வடிவத்தில் சொல்ல முடிவதில்லை. கோவையின்மையும் ஒரு சாட்சியம்தான் என்று காட்டும் நூல் அது. ஆகவே சாட்சிச் சொல்லைப் பூஜிக்கச் சொல்லவில்லை. குறுக்கு விசாரணை செய்யுங்கள். ஆனால் எல்லோரையும் செய்யுங்கள். துறைமுக அறிக்கையையும் வரைபடத்தையும் நிவாரணப் பட்டியலையும் அதே கூண்டில் ஏற்றுங்கள். எல்லாம் கதையாடல் என்று சொல்லி நீதிமன்றத்தையே கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

சொற்களை மீட்க முடியும் என்பதற்கும் இந்தக் கழிமுகமே சான்று. பொதுநிலத்தைக் குறித்து, பின்னர் வசவாகச் சீரழிந்த ‘புறம்போக்கு’ என்ற சொல்லை, கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா 2017 ஜனவரியில் எண்ணூரில் நின்று பாடிய பாடல் அதன் பழைய மதிப்போடு திரும்பக் கொண்டுவந்தது. விமர்சகர்களாகிய நம் கையில் இருக்கும் வேலை அதைவிடச் சிறியது. நிகழ்ந்ததற்குக் கதை, அதைத் தாங்கும் பிரதிக்கு எடுத்துரைப்பு, சொல்லும் செயலுக்குக் கூற்று. மூன்றையும் மூன்றாகவே வைத்துக்கொள்வோம். கதையாடல் என்ற சொல்லுக்குச் சிலகாலம் ஓய்வு கொடுப்போம், நிறைய உழைத்துவிட்டது.

அதற்கும் மனமில்லாமல், இதுவும் ஒரு கதையாடல்தானே என்று அடுத்த கட்டுரையில் எழுத இருப்பவர், எழுதும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லட்டும். யார் சொன்னது? யாரிடம் சொன்னது? எங்கே நின்று சொன்னது? பொய்த்தால் யாருடைய கண் போகும்?